சூடுகளும் ஒளியும்

1890 ஆம் ஆண்டின் கோடை இறுதி தொடங்கி 1891 வரை, பிரான்சின் ஜிவேர்னியில் தம் இல்லத்தை அடுத்த வயலில் நின்ற கதிர்க்குவியல்களைக் கிளோட் மொனே ஏறத்தாழ 25 தடவை தீட்டினார். 1891 மே மாதத்தில் அவற்றுட் பதினைந்து பாரிசிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றை வைக்கோற்போர் எனல் பொருந்தாது. அவை அடிக்கப்படாத கோதுமைக் கதிர்களாலான சூடுகள். உழவரின் ஓராண்டுழைப்பின் பயன் அவற்றுள்ளேயே இருந்தது.

ஆயின், அவ்வுழவர் எவரும் அவ்வோவியங்களில் முதன்மை பெறவில்லை. 1857 இல் மில்லே தீட்டிய ‘கதிர் பொறுக்குவோர்’ என்னும் ஓவியத்திலோ சூடுகள் தொலைவில் நிற்க, சிந்திய கதிர்களுக்காக ஏழைப் பெண்கள் மூவர் முன்னே குனிந்துள்ளனர். மனிதரை விடுத்து ஒளியை நாடுதல் அறநோக்கிற் குறையாகாதா?

குறையே. எனினும், சமூகப் பார்வையின் பெயரால் இவ்வினாவை அத்துடன் முடித்துவிடுவோர் (அத்தகையோர் பலர்) ஓவியங்களைச் சரிவரப் பார்த்தவராகார். மாலையிற் செந்தணலாய்க் கனலும் சூடு, பனிக்காலத்தில் நீலநிழல் வீழ்த்தி நிற்கின்றது. அதன் உண்மை நிறம் யாதென வினவுதல் அங்கே பொருளற்றுப் போகின்றது. ஒருமுறை கண்டதாலேயே ஒரு பொருளை அறிந்துவிட்டோமென்னும் செருக்கை அத்தொடர் மறுக்கின்றது. அத்துணைப் பொறுமை வாய்ந்த பார்வை சூட்டுக்கு வாய்த்தது; அதனை அடுக்கியோர் பக்கம் மொனேயின் தூரிகை அத்தொடரில் திரும்பவில்லை.