நாடோறும் நன்றியறிதல்



யாம் நாடோறும் சிவபெருமானிடத்திலே வேண்டுவன பல. அவர் தந்தனவற்றை நினைந்து மகிழ்வது எத்துணைப் பொழுது? வயலில் நீரும் வீட்டில் நெல்லும் உள்ளபொழுது துதித்து, மழை பொய்த்தவுடனே "சுவாமிக்குக் கண்ணில்லையோ" என்போமாயின், யாம் வழிபட்டது சுவாமியையன்று, நெல்லையேயாம்.

திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரத்தைச் சிந்தியுங்கள். புறச்சமயம் புகுந்த அவரைச் சைவத்துக்கு மீட்டது செல்வமன்று, பொறுத்தற்கரிய சூலைநோய். தமக்கையாராகிய திலகவதியார் திருவைந்தெழுத்தை ஓதிக் கொடுத்த திருநீற்றை அணிந்து, திருவதிகையிலே பாடி நோய் நீங்கப்பெற்றார். பின்பு நீற்றறையிலே ஏழுநாள் அடைக்கப்பட்டபொழுதும் அவர் வாடினாரல்லர். துன்பம் வந்த வழியே அருளும் வந்தமையைக் கண்டவர் துன்பத்துக்கு அஞ்சுவரோ?

அவர் தமது நன்றியை நாவினால் மாத்திரம் செலுத்தவில்லை. உழவாரப்படை தாங்கித் திருக்கோயில்களிலே புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரிலே அப்பணி செய்யுங்கால் பொன்னும் நவமணியும் கிடக்கக் கண்டும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்தனரென்று பெரியபுராணம் கூறும். அவருக்கு இன்பம் பணியிலன்றிக் கூலியில் இல்லை.

யான் இளமையிற் கற்றது மிஷன் பாடசாலையொன்றிலே. அங்கே போசனத்திற்கு முன் கடவுளுக்கு நன்றி கூறுவர். அது நல்ல வழக்கமே. ஆயினும் நன்றியென்பது யாதென்று எனக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத என் தாயார்.

என் புத்திரனொருவன் ஏழு வயசிலே காய்ச்சலால் இறந்தான். பல மாதம் யான் கோயில் வாயிலை மிதித்திலேன். தாயாரோ விடியற்காலையில் முற்றங்கூட்டி, ஸ்நானஞ்செய்து, திருநீறணிந்து, கண்ணீரோடே பூக்கொய்து கோயிலுக்குக் கொண்டுபோவார். "இன்னும் எதற்காக?" என்று ஒருநாள் சினந்து கேட்டேன். "தம்பி, ஏழு வருஷம் எங்களிடத்தில் விட்டுவைத்தாரே" என்றார்.

யான் கற்ற நூல்களிலே அதற்கு மறுமொழி கண்டிலேன். மறுநாட் பூக்கூடையை யானே சுமந்து சென்றேன். துக்கம் ஒழிந்ததென்று சொல்லேன். மகன் இறந்த ஒருநாளை மாத்திரம் நினைந்திருந்த மனம், அவன் வாழ்ந்த நாட்களையும் நினைக்கத் தொடங்கிற்று. அந்நினைவிலே மகிழ்ச்சியும் இருந்தது.

ஆதலால், சைவ நன்மக்களே, துயிலெழுந்தவுடன் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை நினையுங்கள். அன்னத்தின்முன் ஒருகணம் கைகூப்புங்கள். பசித்தவனுக்கு அதில் ஒருபிடி கொடுங்கள். துயிலுமுன் அந்நாளிற் பெற்ற நன்மையொன்றையேனும் உங்கள் பிள்ளைகள் கேட்கச் சொல்லுங்கள். இதற்குப் பொருட்செலவில்லை. இன்றிரவே தொடங்கலாம்.

திருச்சிற்றம்பலம்.