முட்டுக்கட்டை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தனியார் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அடுத்த பாராவைத் தாண்டிவிடலாம். உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

நாலுவழிச் சாலை வருவதற்கு முந்தைய காலம். முதுநகர் தாண்டி, சிப்காட் நெடிக்குப் பிடித்த மூக்கை விடுவதற்குள் டிரைவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டார். பின்னால் வேறு கம்பெனி வண்டி. அவன் முந்திவிட்டால் புதுச்சத்திரத்தில் நிற்கிற இருபது டிக்கெட்டும் அவனுக்கு. அவ்வளவுதான், ஏர்ஹாரன் அலற ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மீன்கூடையோடு வந்த அம்மா, "போறவன் போவட்டும் வுடுப்பா, வூட்ல புள்ளைங்க இருக்கு" என்றார். பின்னால் காலேஜ் பையன்கள், "விடாதீங்கண்ணே!" என்று கத்தினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயத்தோடு பயமாக, என்னில் பாதி அந்தப் பையன்கள் பக்கம்தான் இருந்தது.

இப்போது சிதம்பரம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கார் ரேஸையும், அசுர பவர் கார்களையும் ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?"

முதலில் ஒரு தகவல். ரேஸ் நம் நாட்டில் ஏற்கெனவே பாதி தடை செய்யப்பட்ட பொருள்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, மாநில அரசின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்தினால் தண்டனை என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். சம்மதம் இருந்தால் சரி. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு இரவு ரேஸ் நடந்ததே, அரசே முன்நின்று நடத்தியது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், நடத்தலாம் என்று ஆனது. சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் பறந்ததை வேலி ஓரம் நின்று பார்த்த தலைமுறைக்கு இதெல்லாம் புதுசு இல்லை.

ரேஸில் சாவு இல்லையா? இருக்கிறது. 1955-ல் பிரான்சில் லெ மான் ரேஸில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறி 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைக் கண்டு சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதை கார் ரேஸைத் தடை செய்தது. முழுசாக விலக்கிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. நம்ம இருங்காட்டுக்கோட்டையில் 2023-ல் மட்டும் இரண்டு சாவு. ஜனவரியில் 59 வயது மூத்த ரேஸ் வீரர். ஆகஸ்டில் பைக் ரேஸில் ஒரு பையன். வயது 13.

அந்த 59 வயதுக்காரருக்காக நான் தடை கேட்க மாட்டேன். அவருக்குத் தெரியும். ஹெல்மெட், பெல்ட், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ், எதிரே வண்டி வராத பாதை, எல்லாம் பார்த்து, தெரிந்தே இறங்கியவர். மலையேறுகிறவரை நாம் தடுப்பதில்லை. ஆனால் 13 வயது? ரோட்டில் பைக் ஓட்ட லைசென்ஸ் தராத வயதில், உயிரைப் பணயம் வைக்கச் சம்மதம் மட்டும் எப்படித் தர முடியும்? அப்பா அம்மா கையெழுத்துப் போட்டால் அது அவன் சம்மதம் ஆகுமா? பெரியவர்கள் ரேஸ் இருக்கட்டும், குழந்தைகள் ரேஸை நிறுத்துங்கள் என்பேன். சின்ன வயதில் ஆரம்பித்தால்தான் சாம்பியன் ஆகலாம் என்பார்கள். ஆகாவிட்டால் போகிறது.

இனி ரோட்டுக்கு வருவோம். சிதம்பரத்திலிருந்து இதே பாதையில் தெற்கே போனால் திருவாரூர். மனுநீதிச் சோழன் கதை தெரியாதவர் இல்லை. சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் வைத்து அரங்கேற்றியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில். ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இளவரசன் பொறுக்கி இல்லை. கன்று கூட்டத்துக்குள் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை. ஆனாலும் ராஜா, 'விபத்துதானே' என்று விடவில்லை. தேர் அவனுடையது, தெரு எல்லோருடையதும். கன்றுக்குட்டி எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

2024 மே மாதம் புனேயில் என்ன நடந்தது? 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் என்ஜினீயர்கள் இறந்தார்கள். சிறார் நீதி வாரியம் முதலில் ஜாமீன் கொடுத்தபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை. நாடு கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. (300 வார்த்தை! இந்தப் பக்கத்துக்கே நான் அதைவிட அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.)

மனுநீதிச் சோழன் தண்டனையை நான் கேட்கவில்லை. மகனைத் தேர்க்காலில் போடுவதால் கன்று எழுந்து வருவது புராணத்தில் மட்டும்தான். கன்று சாகாமல் இருக்க வழி உண்டா என்பதே என் கேள்வி.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. அரசுக் கணக்கில் நூற்றுக்கு 71 சாவுக்குக் காரணம் அதிவேகம். நம் ஸ்டேஷன்களில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று கை பழக்கத்தில் எழுதிவிடுவார்கள், அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கழிக்க முடியாத கணக்கு ஒன்று உண்டு. 60-ல் போகிற கார், பிரேக்கை மிதித்த பிறகு நிற்க நல்ல ரோட்டில் சுமார் 20 மீட்டர் வேண்டும். 120-ல் 40 இல்லை, 80. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது மாறாது.

லாரி, பஸ்ஸுக்கு 80-க்கு மேல் போகாதபடி கருவி பூட்ட வேண்டும் என்று 2015-லேயே மத்திய விதி வந்தது. சொந்தக் காருக்கு அது கிடையாது. 2018-ல் எக்ஸ்பிரஸ் சாலையில் 120 வரை போகலாம் என்றார்கள். 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. 80-ஆ, 100-ஆ, 120-ஆ என்றுதான் சண்டை. ஷோரூமிலோ 250-ல் போகிற கார் பூஜை போட்டு நிற்கிறது. மாருதி 800-க்கு 37 குதிரை, இதற்கு ஐந்நூறு. ஐந்நூறு குதிரையையும் எந்தத் தெருவில் மேய்ப்பது? மீன்கூடை அம்மா போகிற வண்டிக்குப் பூட்டு, இதற்குக் கிடையாதா? காரைத் தடை செய்ய வேண்டாம். பஸ்ஸுக்குப் போட்ட பூட்டை அதற்கும் போடுங்கள். ரேஸ் மைதானத்துக்குள் போனால் திறந்துவிடட்டும்.

உடனே, "இது முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை" என்பார்கள். ஆனித் திருமஞ்சனத்தின் போது சிதம்பரம் கீழவீதியில் நின்று பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் குனிந்தபடி நடப்பார்கள், வீதி முனை வந்தால் சரியான நேரத்தில் சக்கரத்தடியில் போட. வடம் பிடித்தவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். கட்டை போடுகிறவரை யாரும் எடுப்பதில்லை.

போன மாதம் அக்கா பையனின் புதுக் காரில் அதே பாதையில் போனேன். இப்போது நாலுவழி, கொத்தட்டையில் சுங்கச்சாவடி. 80-ஐத் தாண்டியதும் கார் 'டிங்' என்றது. 2019-லிருந்து எல்லாப் புதுக் காரும் இப்படிக் கத்தியாக வேண்டும்.

"இது ஒரு தொல்லை மாமா. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், கட் பண்ணிடுவார்."

கன்றுக்குட்டிக் கதையை ஆரம்பித்தேன். சிரித்தான்.

"இங்க கன்னுக்குட்டி எங்க மாமா வரும்? அதான் நடுவுல சுவர் வெச்சிட்டான்ல?"

புதுச்சத்திரம் நெருங்கும்போது அந்தச் சுவரின் இடைவெளியில், தலையில் விறகுக்கட்டோடு ஒரு கிழவி எங்களுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் கடந்து போனோம். 'டிங்' என்றது.