வாத்துகளுக்காக நின்ற தச்சர்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடந்த கதை இது. ஒற்றையர் துடுப்புப் படகுப் போட்டியின் காலிறுதி. ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸ் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். இந்தப் போட்டியில் படகு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். கரையில் நின்றவர்கள் கத்துவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒரு தாய் வாத்து குஞ்சுகளோடு வரிசையாகக் கால்வாயைக் கடந்துகொண்டிருக்கிறது. பியர்ஸ் துடுப்பை நிறுத்திக் காத்திருக்கிறார். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் தாண்டிப் போகிறார். வாத்துகள் போனபின் மறுபடி வலித்து, அவரைப் பிடித்து, பியர்ஸே ஜெயிக்கிறார். பிறகு இறுதிப் போட்டியில் தங்கமும் அவருக்குத்தான்.

எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் யாரோ காலை வணக்கத்தோடு இதை அனுப்பியிருந்தார்கள். கீழே வழக்கமான நீதி: நல்ல மனம் தோற்காது. நானும் ஒரு இதயம் போட்டுவிட்டு ஷிப்ட் கூட்டத்துக்குப் போய்விட்டேன். அன்று இரவு தூக்கம் வராமல் பியர்ஸைப் பற்றித் தேடிப் படித்தேன். வாத்துக் கதையை அனுப்புகிறவர்கள் அனுப்பாத ஒரு பகுதி அவர் வாழ்க்கையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்றொரு ஊர். அங்கே நடக்கும் படகுப் போட்டி அந்த விளையாட்டில் மிகப் பெரிய கௌரவம். ஒற்றையருக்கான கோப்பையின் பெயர் டயமண்ட் ஸ்கல்ஸ். பியர்ஸ் அதில் கலந்துகொள்ள விரும்பினார். அனுமதி இல்லை என்றார்கள். காரணம், அவர் தச்சர்.

இது ஏதோ ஒரு அதிகாரியின் திமிர் இல்லை. எழுதி வைத்த விதி. 1879இல் ஹென்லி நிர்வாகம் 'அமெச்சூர்' யார் என்று வரையறுத்தது. கூலிக்கு உடலுழைப்பு செய்யும் கைவினைஞர், மெக்கானிக், தொழிலாளி யாரும் அமெச்சூர் இல்லை. 1920இல் அமெரிக்காவின் ஜான் கெல்லிக்கும் இதே கதவு சாத்தப்பட்டது. அவர் செங்கல் அடுக்கும் வேலை செய்தவர். நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா என்றால் சிலருக்குத் தெரியும். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வாங்கினார்.

விதிக்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். நாள் முழுக்க உடலால் உழைப்பவனுக்குத் தசை பலம் அதிகம், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் அவனோடு மோதுவது சமமான போட்டி இல்லை என்று. இன்ஜினியர் புத்தியில் முதலில் படிக்கும்போது இது ஓரளவு சரி போலத்தான் பட்டது. போட்டி என்றால் நிபந்தனைகள் சமமாக இருக்க வேண்டும்தானே?

அப்புறம்தான் உறைத்தது. உளி பிடித்த கையை அனுகூலமாகக் கணக்கில் எடுத்தவர்கள், சம்பளத்தைப் பற்றி யோசிக்காமல் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க முடிகிறவனின் ஓய்வை ஏன் எடுக்கவில்லை? நல்ல சாப்பாடு, சொந்தப் படகு, சிறுவயதிலிருந்தே படகு வலிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம், இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? நம்மிடம் இருப்பது இயல்பு, அடுத்தவனிடம் இருப்பது அனுகூலம் என்று எழுதிவிட்டால் அநியாயத்துக்கும் நியாயத்தின் முகம் வந்துவிடுகிறது. கைத்தொழிலை வைத்து ஆளை வெளியே நிறுத்தும் வித்தை தமிழர்களான நமக்குப் புதிதும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1930இல் கனடாவின் ஹாமில்டனில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பியர்ஸ் ஜெயித்தார். பொருளாதார மந்த காலம். ஊரில் வேலையில்லை. கனடாவில் அவருக்கு விஸ்கி விற்கும் வேலை கிடைத்தது. இப்போது அவர் தச்சர் இல்லை, விற்பனையாளர். 1931இல் ஹென்லி கதவைத் திறந்தது. டயமண்ட் ஸ்கல்ஸை வென்றார். அதே கை, அதே தோள். முன்பும் சம்பளம் வாங்கினார், இப்போதும் வாங்கினார். மரத்தை இழைத்தால் ஆகாது, விஸ்கி விற்றால் ஆகும்.

அப்படியென்றால் பிரச்சினை தசையும் இல்லை, காசும் இல்லை. பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதுதான். 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பியர்ஸ், மறு ஆண்டே தொழில்முறைப் போட்டிக்குப் போய் உலகப் பட்டத்தைப் பிடித்தார். ஹென்லி அந்த விதியைக் கைவிட 1937 ஆனது. அதற்கு முந்தின வருடம்கூட ஆஸ்திரேலியப் போலீஸ்காரர்களின் படகுக் குழுவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பியர்ஸ் மட்டுமில்லை. 'அமெச்சூர்' என்ற சொல் லத்தீனில் 'நேசிப்பவன்' என்பதிலிருந்து வருகிறது. காசுக்காக இல்லாமல் பிடித்ததற்காகச் செய்பவன். கேட்க அழகாக இருக்கிறது. நானும் அந்தச் சொல்லில் நம்பிக்கை உள்ளவன்தான். நாங்கள் சில பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை ஞாயிறு காலையில் நாவல் வாசித்துப் பேசுவோம். யாருக்கும் பைசா கிடையாது. அதில் ஒரு பெருமையும் இருந்தது.

எங்களோடு ஓர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். ஃபேக்டரியில் டெக்னீஷியன், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எங்களில் மிக நன்றாக வாசிப்பவர் அவர்தான். சில மாதம் வந்தார், பிறகு நின்றுவிட்டார். ஒருநாள் கூட்டத்தில் அவர் பேச்சு வந்தபோது நான் சொன்னேன்: "உண்மையான ஆர்வம் இருந்தா நேரம் தானா கெடைக்கும்." பலர் தலையாட்டினார்கள். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை கடையில் பார்த்தபோது சிரித்தபடியே, "வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தெறந்தா கண்ணு தாங்கல தம்பி" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

என் அப்பா வெல்டர். இரவில் பேப்பரை மார்பில் விரித்தபடியே தூங்கிவிடுவார். அவருக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு புதிய லைன் தொடங்கும்போது ஐந்து வாரம் நானும் இரவு ஷிப்டில் நின்றேன். அந்த ஐந்து வாரத்தில் ஒரு சிறுகதையைக்கூட முடிக்கவில்லை. என் ஆர்வம் எங்கே போனது?

நேசத்தை, ஒருவர் அதற்குக் கொடுக்கும் நேரத்தை வைத்து அளக்கிறோம். அவரிடம் மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்பதில்லை. ஞாயிறு முழுவதும் கையில் இருக்கிற நான் மூன்று மணி நேரம் கொடுத்தேன். ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து உட்கார்ந்தவர் கொடுத்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு 'உண்மையான ஆர்வம்' என்ற கல்லைப் போட்டேன். ஹென்லிக்காரர்களின் கல்லும் அதுதான்.

காசு வாங்காமல் செய்வதில் அழகே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த அழகு நமக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வாத்துக் கதையும் எனக்கு இப்போது கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. பியர்ஸ் முன்னால் இருந்தார். நிற்க அவருக்கு வசதி இருந்தது, நின்றார். அவரைவிட எவ்வளவோ முன்னால் இருந்தவர்கள் அவருக்காக நிற்கவில்லை.

கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். அதற்காக அந்த அண்ணன் ஒவ்வொரு மாதமும் வந்துவிடவில்லை. போன மாதம் வந்தார். பாதிப் பேச்சிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுப்பக் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நாங்கள் தொடர்ந்து பேசினோம்.