உடற்குறையும் வாய்மையும்

ஒருவன் ஓரவையிற் கூறிய சொல்லையும், பிறிதோரவையிற் கூறாது விட்டதனையும் தனித்தனியே வைத்து நோக்குங்கால் இரண்டும் குற்றமற்றனபோலத் தோன்றலாம். இரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கியவிடத்தே பொய் புலனாகின்றது. அங்ஙனமாயின் வாய்மை என்பது தனித்தனிச் சொற்களின் இயல்போ, சொல்வானுடைய ஒருமைப்பாடோ என்னும் வினா எழும். ஐக்கிய அமெரிக்க நாட்டு விமானிகள் சிலர்பால் நிகழ்ந்த செய்தியொன்றை முன்னிட்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

அந்நாட்டில் விமானம் செலுத்துவார் பலர்க்கும் உரிமம் மட்டும் அமையாது. மருத்துவர் நல்கும் உடற்றகுதிச் சான்றும் வேண்டும். பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களின் தலைமை விமானி 40 வயது நிரம்பியவராயின் 6 மாதத்துக்கு ஒருமுறை அதனைப் புதுக்கிக்கொள்ளல் கடன். சோதனைக்கு முன்னர்த் தம் நோய்களையும், உண்ணும் மருந்துகளையும், அணுகிய மருத்துவர்களையும் ஒரு படிவத்தில் தாமே எழுதிக் கையொப்பமிடுவர். மருத்துவர் கண்ணையும் காதையும் குருதியழுத்தத்தையும் சோதித்தறிவார். உள்ளத்தே கிடக்கும் துயரையும், என்றோ வந்து மறைந்த வலிப்பையும் அவர் எங்ஙனம் காண்பார்? ஆகலின் அச்சான்று பெரும்பாலும் விமானியின் சொல்லையே அடியாகக் கொண்டு நிற்பது.

இனி, உடற்குறையுடையார்க்கு அவ்வரசாங்கம் அளிக்கும் உதவிப்பணம் இருவகைப்படும். சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தருவது, ஊதியம் தரத்தக்க தொழிலெதனையும் செய்யவியலாத நோயுடையார்க்கு உரியது. முன்னாட் படைவீரர் நலத்துறை தருவது, படைத்தொழிலால் நேர்ந்த ஊறுகளுக்கு ஈடாவது. நூற்றுக்குப் பத்து முதல் நூறு வரை குறையின் அளவை மதிப்பிட்டு அது வழங்கப்படும். இதனைப் பெறுவார் பிறதொழில் செய்தற்குப் பொதுவில் தடையில்லை. இவ்வேறுபாட்டை உணராது பேசுவார் பலர். ஆதலின் இதனை முதற்கண் நினைவிற் கொள்க.

2002-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமும் கூடி, வட கலிபோர்னியாவிலுள்ள 40,000-க்கு மேற்பட்ட விமானிகளின் பெயர்களை உதவிப்பணம் பெறுவார் பட்டியலோடு ஒப்பிடத் தொடங்கின. பறத்தற்குத் தக்க உடல் நலமுடையேம் என ஓரிடத்தும், தொழில் செய்யவியலாத நோயுடையேம் என மற்றோரிடத்தும் எழுதிக் கொடுத்தவர் பலர் வெளிப்பட்டனர். 40-க்கு மேற்பட்டோர்மீது வழக்கும் தொடரப்பட்டது. பின்னர்ப் படைவீரர் நலத்துறையின் ஏடுகளோடும் இவ்வாறே ஒப்பிட்டனர். அவ்வாராய்ச்சியில் ஐயத்துக்குரியராகக் குறிக்கப்பட்ட விமானிகள் ஏறத்தாழ 4,800 பேர் என 2023-ஆம் ஆண்டில் அறியவந்தது. அவருள் 60 பேரளவினரே பறத்தலை உடனே நிறுத்துமாறு பணிக்கப்பட்டனர்.

இங்ஙனம் இரண்டிடத்தும் இருவேறு கூறியார் நிலை யாது? அவர் கூறிய நோய் மெய்யாயின், தம் உயிரை நம்பி ஒப்படைத்த பயணிகளை வஞ்சித்தாராவர். விமானத்தினுள் அமர்ந்தவன் விமானியின் முகத்தையும் காணான்; நோயை வினவுதற்கும் வழியிலன். நோய் பொய்யாயின், போரிற் காலிழந்தும் கண்ணிழந்தும் வாடுவார்க்கென ஒதுக்கிய பொருளைக் கவர்ந்தாராவர். இவ்விரண்டனுள் முன்னையதே கொடிது என்பது எம் கருத்து. இழந்த பொருளைத் திரும்பப் பெறலாம், உயிரை அங்ஙனம் பெறலாகாது.

அற்றன்று, காதிரைச்சலும் முழங்கால் நோவும் உடையானொருவன் அவற்றுக்கு ஈட்டுப்பணம் பெற்றுக்கொண்டே செவ்வனே பறத்தல் கூடும், அவன்பாற் குற்றம் யாது எனின், பணம் பெறுதலிற் குற்றம் யாதுமில்லை என்க. படிவத்திலே உதவிப்பணம் பெறுகின்றனையோ என்று வினவும் பகுதியும் இன்று உளது. ஆம் என விடையெழுதி, நோயின் தன்மையையும் உரைப்பானாயின் அவன் இரண்டிடத்தும் ஒரு சொல்லினன். அக்குறை பறத்தற்குத் தடையோ அன்றோ எனத் துணிதல் மருத்துவர் கடன். அத்துணிபைத் தானே செய்துகொண்டு இல்லை என எழுதுவான், தன் வழக்கில் தானே நடுவனாய் அமர்கின்றான்.

அச்சத்தால் மறைக்கின்றார், உண்மை உரைப்பின் பிழைப்பே போமே எனின், அவ்வச்சம் வெற்றச்சமன்று. மனச்சோர்வுக்கு மருந்துண்பார்க்கு அந்நாட்டிற் சான்று மறுக்கப்பட்டு வந்தது. 2010-ஆம் ஆண்டில்தான் நான்கு மருந்துகளுக்குத் தனி ஆராய்ச்சியின்மேல் இடமளித்தனர். மெய்யுரைத்தானைப் பட்டினியிடும் விதியை வைத்துக்கொண்டு பொய்யுரைத்தானைத் தண்டிக்கும் அரசுக்கும் அப்பாவத்திற் பங்குண்டு என யாம் சொல்லத் துணிவேம். ஆயினும் பங்குண்மையாற் செய்தவன் பழி குறையுமேயன்றி ஒழியாது. 2015 மார்ச் 24-ல் பார்சலோனாவினின்று டுசல்டார்புக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணைவிமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதுவித்தான். அவனுட்பட 150 பேர் மாண்டனர். அந்நாளுக்கு அவன் பணிசெய்யலாகாதென மருத்துவர் எழுதிய சீட்டு அவன் இல்லத்திற் கிழித்தெறியப்பட்டுக் கிடந்தது. தகுதியிழப்பின் வருவாய்க்கு என் செய்வது என்னும் கவலை அவற்கு உண்டென்பது பின்னை விசாரணையிற் புலப்பட்டது. மறைப்பாரெல்லாம் அவனைப்போல்வார் என்பதன்று. கிழித்த சீட்டைப் பயணிகள் காணமாட்டார் என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

இம்மறைப்பு மேலும் ஒரு தீங்கு விளைக்கும். ஏட்டிற் பதியுமே என்றஞ்சி மருத்துவரை அணுகாதொழிவாரும் உளர். நாளடைவில் தம் நோயைத் தாமே அறியாராகின்றனர். இருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்று நம் சித்தாந்தம் கூறுவதன் நுட்பம் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

ஏனையோர் மறைவை அரசு அவர் இசைவின்றி ஆராய்தல் அறமோ எனின், அது வேறு வினா. எளிதில் விடுத்தற்பாலதும் அன்று. முற்கூறிய ஆராய்ச்சியில் அகப்பட்டார் ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுடையவர். 1985-ல் அதனை அறிந்தவுடன் தாமே பறத்தலை விடுத்தவர், 1994-ல் அதனை உரையாது சான்று பெற்றார். 1995 முதல் ஓராண்டு சமூகப் பாதுகாப்பு உதவிப்பணமும் பெற்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,000 டாலர் தண்டமும் ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஏற்றார். தம் மறைவை இரு துறைகளும் பகிர்ந்துகொண்டது சட்டத்துக்கு மாறென அவர் தொடுத்த வழக்கில், கீழ் நீதிமன்றம் அரசின் பிழையை ஏற்றது. உச்சநீதிமன்றமோ 2012-ல், மனவேதனை ஒன்றற்கே அச்சட்டப்படி அரசினிடம் ஈடு பெறலாகாது என ஐவர் மூவர் எனப் பிரிந்து தீர்ப்பளித்தது. அவர் வேதனை மெய்யே. பொய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதனாற் கண்டுபிடித்த நெறி தூயதாகிவிடாது.

அவரே பின்னர் மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை நோயும் மருந்தும் முற்றும் வெளிப்படையாயிருந்தன. அவற்றையெல்லாம் ஆராய்ந்த விமானப் போக்குவரத்து நிர்வாகம் உரிமத்தையும் உடற்றகுதிச் சான்றையும் அவருக்கு மீள அளித்தது.