கருவும் கல்லும்

2020-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தருகே நிலம் அகழ்ந்தவிடத்து உருண்டை வடிவினவாகிய பெருங்கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் என்னும் பழம்பெரு விலங்கின் முட்டைகளே என்னும் செய்தி எங்கும் பரவிற்று. பின்னர் ஆராய்ந்த நிலநூலார், அவை முட்டைகளல்ல, அம்மோனைட் என்னுங் கடலுயிரைச் சூழ்ந்து திரண்ட படிவுகளே என்றனர். முட்டையென்று கருதியது பிழையேயாயினும் நகைத்தற்குரியதன்று, என்னை? அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி முன்னொருகாற் கடலாயிருந்த நிலம். அரியலூரைச் சார்ந்த செந்துறையில் அவ்விலங்கின் முட்டைகள் காணப்பட்டன வென 2009-இல் ஆராய்ச்சியாளரே அறிவித்துமுளர்.

உயிரில்லாத கல் முட்டையுருப் பெற்றவாறு யாங்ஙனம்? சேற்றினுட் புதைந்த ஓர் ஓட்டினைச் சுற்றி, நீரிற் கரைந்த சுண்ணம் எப்புறத்தும் ஒத்துப் படியப் படிய, அஃது உருண்டையாகின்றது. ஆண்டு வனைவாரும் இலர், சினைப்பாரும் இலர். எனவே, வடிவமாத்திரையே உயிருண்மைக்குச் சான்றாகாதென்பது தெளிவு.

இனி, கருப்பையினுள்ளும் இத்தகைய விசைகள் தொழில்புரிதலை இக்கால நூலோர் விரித்துக் கூறுவர். ஸ்காத்லாந்துப் பேராசிரியர் தார்சி தாம்சன், உயிர்களின் வளர்ச்சியையும் வடிவையும்பற்றி 1917-இல் வெளியிட்ட நூலில், அழுத்தமும் இழுவிசையும் உடலுருவத்தை அமைக்குமாற்றை எடுத்துக்காட்டினார். குடர் மடிந்து சுருள்வது, அதனைப் பிணித்துள்ள மெல்லிய சவ்வினும் அது விரைந்து வளர்தலால் நேரும் இழுவிசையினாலென்பதை 2011-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். சவ்வினின்று பிரித்தெடுத்த கோழிக்கருவின் குடர் மடிவு நீங்கி நிமிர்ந்தது. இரப்பர்க் குழாயொன்றினை இழுத்து விரித்த இரப்பர்த் தகட்டிற் பிணித்து விட்டபொழுது, அதுவும் அவ்வாறே சுருண்டது. இவ்வாராய்ச்சி செய்தாருள் ஒருவராகிய மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்றவர். நெஞ்சப்பை இடப்புறஞ் சார்தலும் இத்தகையதே. கருவின் தொடக்கத்தில் நுண்ணிய மயிரிழைகள் சுழன்று நீரை இடப்பக்கமாக ஓட்டுகின்றன. பிறவியிலேயே அவை அசையாதாருட் பாதியர்க்கு உள்ளுறுப்புக்கள் இடம்வல மாறி அமைகின்றன.

இவற்றைக் கேட்ட உலகாயதர், ‘வெற்றிலையும் பாக்கும் சுண்ணமுங் கூடியவழிச் செம்மை தோன்றுமாறு போல, பூதங்களும் விசைகளுங் கூடியவழி உடலும் அறிவுந் தோன்றும், உயிரென வேறொன்று வேண்டா’ என்பர். இதற்கு விடை கூறப் புகுந்த சைவருட் சிலர், ‘கருவின் அமைப்பு அறிவியலால் அறியவொண்ணாதது, ஆதலின் இறைவன் உளன்’ என்கின்றனர். இவ்விடை வலியற்றது. இன்று அறியப்படாதது நாளை அறியப்படுமாயின், இறைவனுண்மையும் நாளுக்குநாள் தேய்வதாய் முடியும்.

சித்தாந்தம் அவ்வாறு கூறிற்றன்று. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். திரிகை சுழலும் விசையை ஒருவன் அளந்து காட்டினானாக, குயவனைக் காண்டல் வேண்டாவென்பார் யாவர்? பூதங்களுள் மண் தரித்தலையும், காற்று அசைத்துத் திரட்டலையும், விசும்பு இடங்கொடுத்தலையுஞ் செய்யுமென உண்மை விளக்கம் உணர்த்துதலின், விசைகளின் தொழில் சைவர்க்குப் புதியதுமன்று.

குன்னத்துக் கல்லையே மீண்டும் நோக்குக. அதனைப் பிளந்தால் உள்ளே சுருளோடு ஒன்று இருக்கலாம். (கண்டகி யாற்றுச் சாளக்கிராமங்களும் இவ்வினத்தனவே.) புறத்து உருண்டையும் அகத்துச் சுருளும் இரண்டும் விசைகளுக்கு உட்பட்டே உருப்பெற்றன. ஆயினும், சுருளோடு அறையறையாகத் தடுக்கப்பட்டது. அவ்வறைகளிற் காற்று நிரம்பியதனால் அவ்வுயிர் நீரில் மிதந்தது. ஓடு உடைந்தவிடத்து அவ்வுயிரே அதனைச் செப்பனிட்டுக்கொண்ட வடுக்களும் அம்மோனைட் ஓடுகளிற் காணப்படும். உருண்டைக்கோ அறையுமில்லை, வடுவுமில்லை. அஃது எவர்பொருட்டும் ஆயதன்று. ‘எங்ஙனம் ஆயிற்று’ என்னும் வினாவிற்கு இரண்டிடத்தும் விசையே விடை. ‘எவர்பொருட்டு’ என்னும் வினாவோ ஓட்டினிடத்தேதான் எழுகின்றது. உடல் உயிரின் நுகர்ச்சிப்பொருட்டு என்னுஞ் சித்தாந்தம் நிற்பது இவ்வினாவின்மீதாம். உலகாயதர் இவ்வினாவே வேண்டாவென மறுக்கலாம். மறுப்பினும், குடரின் மடிவை அளந்து அதனை மறுத்தல் இயலாது.

இவ்வாராய்ச்சியால் வருத்தம் நீங்கற்குரியார் ஒருவர் உளர். குழவி கோணிய பாதத்தோடு பிறந்தக்கால், ‘இது நின் தீவினை’ எனத் தாயை நோக்கிக் கூறும் வழக்கம் சைவ இல்லங்களினும் உண்டு. கருப்பையில் நீர் குறைந்து இடம் நெருங்குமாயின், அந் நெருக்கமே பாதத்தை வளைத்தல் கூடும். வினை இல்லையென்பதன்று ஈண்டுக் கருத்து. அஃது உயிர்தோறும் வேறாய், இறைவனொருவனால் அறிந்து ஊட்டப்படுவது. அக்கணக்கை அயலாரொருவர் தாயின் தலைமேல் எழுதுதற்கு எந்நூல் இடங்கொடுத்தது? விசையொன்று கண்முன் காரணமாய் நிற்க, அதனை விட்டு அவளது ஒழுக்கத்தைத் துருவுதல் நூலறிவுமன்று, அருளுமன்று. நெருக்கத்தாற் கோணிய அப்பாதத்தை, மருத்துவர் பிறந்த சின்னாட்களிலேயே மெல்ல நீட்டி, வேண்டுமிடத்து மாவுக்கட்டிட்டு, வாரந்தோறும் சிறிது சிறிதாக நேராக்குகின்றனர்.