மனம் மாறுவோரும் விலை கொடுப்போரும்

மனம் மாறுதல் மனிதருக்கு இயல்பு. நேற்று விரும்பியது இன்று கசக்கலாம். இன்று மறுத்தது நாளை இனிக்கலாம். தனக்காகத் தானே ஒன்றைச் செய்துகொள்பவன் எத்தனை முறை மனம் மாறினாலும் பிறர் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், ஒருவர் கேட்க மற்றொருவர் செய்து கொடுக்கும் தொழிலில் மனமாற்றம் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. கேட்டவர் மனம் மாறினால் செய்தவரின் கை மீண்டும் உழைக்க வேண்டும். அந்த இரண்டாம் உழைப்புக்குப் பொறுப்பு யாருடையது? இக்கேள்வி பழையதே எனினும், கணினித் திரையில் நிகழும் புதிய தொழில்கள் இதனை முன்னைவிடக் கூர்மையாக எழுப்புகின்றன.

பழைய தொழில்களில் இதற்கு ஓரளவு விடை இருந்தது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு தையற்காரரிடம் துணி கொடுத்தவர், துணியை வெட்டிய பிறகு சட்டையின் அமைப்பை மாற்றச் சொல்லத் தயங்குவார். வெட்டிய துணி கண்முன்னே கிடக்கிறது. பொற்கொல்லரிடம் செய்த வளையலை மாற்றச் சொன்னால் மீண்டும் செய்கூலியும் சேதாரமும் உண்டு என்பதை எல்லாரும் அறிவர். கோயில் திருப்பணியில் ஸ்தபதி செதுக்கி முடித்த கற்சிலையைப் பார்த்து, கை இன்னும் சற்று உயர்ந்திருக்கலாமே என்று எவரும் கேட்பதில்லை. பொருளின் தன்மையே மனமாற்றத்துக்கு அணையாக நின்றது. இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அதற்குரிய விலையும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இணையத்தளம் அமைக்கும் தொழிலில் அந்த அணை இல்லை. பீடோங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கம், தன் பள்ளிக்கு ஓர் இணையத்தளம் வேண்டுமென்று ஓர் இளம்பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். பாட்டி பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, கணினிக் கல்வி பெற்றவள் அவள். முதல் வடிவம் ஆயத்தமாகிறது. தலைவருக்கு நிறம் பிடிக்கவில்லை. நிறம் மாறுகிறது. செயலாளர் தலைமையாசிரியரின் வாழ்த்துரை மேலே வரவேண்டும் என்கிறார். பொருளாளர் நன்கொடை வேண்டுகோளே மேலே வரவேண்டும் என்கிறார். மூன்றாம் கூட்டத்தில், மற்றொரு பள்ளியின் தளத்தைக் கண்டு வந்த ஒருவர் அதுபோலவே அமைக்கலாமே என்கிறார். ஒவ்வொரு முறையும், "சின்ன வேலைதானே, அம்மா" என்ற சொல் வருகிறது. "சரிங்க ஐயா" என்று அவளும் தலையசைத்துவிட்டு, இரவு நெடுநேரம் திரையின் முன் அமர்கிறாள்.

இதில் தீய எண்ணம் கொண்டவர் எவருமில்லை. மேலே இருப்பதைக் கீழே நகர்த்துவதில் என்ன சிரமம் என்றே அவர்கள் மெய்யாக எண்ணுகின்றனர். ஆனால், ஒரு பக்கத்தின் தலைப்பட்டையை மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் அம்மாற்றம் சரியாக அமைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கணினியின் அகன்ற திரையில் அழகாக நிற்பது கைப்பேசியின் குறுகிய திரையில் சிதைந்து போகலாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரியில் அடங்கும் தலைப்பு, தமிழில் சொற்கள் நீளமாக இருப்பதால் இரண்டாம் வரிக்கு வழிந்து கட்டத்தைக் குலைக்கலாம். இங்கே துணி வீணாகவில்லை, பொன்னும் தேயவில்லை. வீணாவது ஒரு மனிதரின் பொழுது மட்டுமே. பொழுது கண்ணுக்குத் தெரியாத பொருளாதலால் அதன் இழப்பும் கணக்கில் ஏறுவதில்லை.

அப்படியாயின் மனம் மாறுவதே குற்றமா? அவ்வாறு கூறுதல் நேர்மையாகாது. தமக்கு என்ன வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் ஒன்றைக் கண்ணால் கண்ட பிறகே அறிகின்றனர். காணாததை முழுவதுமாகக் கற்பனை செய்து சொல்லும் ஆற்றல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மென்பொருள் துறையினரும் இதனை உணர்ந்தனர். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கையை உருவாக்கினர். பணியின் பிற்பகுதியில் எழும் மாற்றங்களையும் வரவேற்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த கொள்கைகளுள் ஒன்று. இதனை மேற்கோள் காட்டுவோர் பலர், அதே அறிக்கையின் வேறு கொள்கைகளை மறந்துவிடுகின்றனர். பணியைச் சிறு சிறு பகுதிகளாகக் குறுகிய கால இடைவெளியில் முடித்துக் காட்ட வேண்டும். கேட்பவரும் செய்பவரும் நாள்தோறும் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்பனவும் அங்கே உள்ளன. மாற்றம் கேட்கும் உரிமையோடு உடனிருக்கும் கடமையும் அங்கே பிணைக்கப்பட்டுள்ளது. மாதம் ஒருமுறை கூட்டத்துக்கு வந்து, கண்டதை மாற்றச் சொல்லிவிட்டுப் போவோருக்கு அவ்வறிக்கை துணை நிற்காது.

ஆகவே, ஆராய வேண்டிய கேள்வி மாற்றம் நல்லதா தீயதா என்பதன்று. மாற்றத்தை முடிவு செய்பவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. இருவரும் ஒருவராயின் அங்கே அநீதி இல்லை. இருவரும் வேறு வேறானவராயின், விலை கொடுப்பவரின் இசைவு பெறப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழருக்கு இக்கேள்வி புதிதன்று. நட்ட ரப்பர்க் கன்று பால் வெட்டும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது பயன் தரும். அந்த நீண்ட கணக்கை நம்பியே தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வேர் ஊன்றின. 1950-களில் தோட்ட உடைமையாளர் பலர் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டு தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று வரலாறு கூறும் அம்மாற்றத்தை முடிவு செய்தோர் ஒருபுறம். வேலையும் வீடும் இழந்து விலை கொடுத்தோர் மறுபுறம். பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தபோதும், செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோதும் பல இடங்களில் இதே நிலை தொடர்ந்தது.

அத்துண்டாடலுக்கு எதிராக 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தாமே தோட்டம் வாங்க அது வழிவகுத்தது. அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் என்பது நினைவுகூரத் தக்கது. விலை கொடுப்பவரே முடிவு செய்பவராகவும் ஆவதற்கு எடுக்கப்பட்ட முயற்சி அது. வாழ்விடத்தை இழந்த ஒரு குடும்பத்தின் துயரையும் இணையத்தளம் அமைப்பவள் இழந்த சில இரவுகளையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. எனினும், பெரிய அநீதியின் கட்டமைப்பு சிறிய அநீதியிலும் அப்படியே காணப்படுகிறது. பேருருவில் அதனை அறிந்த ஒரு சமூகம், தன் சங்கக் கூட்டத்தில் சிறுவடிவில் அது தோன்றும்போதும் அடையாளம் காண வேண்டாமா?

பெரும்பணிகளிலும் இதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி இசை நாடக அரங்குக்கான போட்டியில் 1957-இல் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யோர்ன் ஊட்சன் வெற்றி பெற்றார். வரைபடங்கள் முழுமை பெறுமுன்னரே, அரசின் வற்புறுத்தலால் 1959-இல் கட்டுமானம் தொடங்கியது. இரண்டு அரங்குகள் என்ற திட்டம் இடையில் நான்காயிற்று. கட்டணம் குறித்தும் வடிவம் குறித்தும் எழுந்த பூசலில் 1966-இல் ஊட்சன் பணியை விட்டு விலகினார். அதன் பின்னர், இசை, நாடகம் இரண்டுக்கும் பொதுவாக அமைய இருந்த பேரரங்கு இசைக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டது. அதற்கெனப் பொருத்தியிருந்த மேடை எந்திரங்கள் அகற்றப்பட்டன. 70 இலட்சம் டாலர் என்று தொடக்கத்தில் மதிப்பிட்ட பணி 10 கோடியே 20 இலட்சம் டாலரில் முடிந்து, 1973 அக்டோபர் 20-இல் திறப்பு விழாக் கண்டது. செலவின் பெரும்பகுதி குலுக்குச்சீட்டு வாங்கிய பொதுமக்களிடமிருந்து வந்தது. ஊட்சனோ முடிவுற்ற தம் படைப்பை நேரில் காணாமலே 2008-இல் மறைந்தார். இன்று உலகமே வியக்கும் கட்டடம் அது. ஆனால், முடிவு அழகாக இருப்பதால் வழியில் நேர்ந்த தவறுகள் தவறல்ல என்றாகிவிடாது.

சட்டம் இதுபற்றி ஒன்றைச் சொல்கிறது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவை ஒட்டி அமைந்தது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி முறைப்படி ஒரு பணியைச் செய்து, மற்றவர் அதன் பயனை நுகர்ந்தால், பயன் பெற்றவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் கருத்து. இங்கே அளவுகோல் பயனே. ஐந்தாம் வடிவத்தை ஏற்றுக்கொண்டு முந்திய நான்கையும் தள்ளிவிட்டவர், அந்த நான்கினால் தமக்குப் பயனில்லை என்று வாதிடக்கூடும். ஆனால், சற்று எண்ணிப் பார்த்தால் உண்மை புலப்படும். அந்த நான்கையும் கண்டதனாலன்றோ ஐந்தாவதே தமக்கு வேண்டியது என்று அவர் தெளிந்தார்? தள்ளப்பட்டவையும் அவருக்குக் கற்பித்தன. கல்விக்குக் கட்டணம் உண்டு என்பதை ஆசிரியருக்கும் மாணவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியவற்றால் குற்றம் முழுவதும் கேட்பவருடையதே என்று கொண்டுவிடலாகாது. ஒவ்வொரு முறையும் "சரிங்க ஐயா" என்று சொன்னவளின் பங்கும் ஆராயத்தக்கது. பெரியவர் சொல்லை மறுத்தல் மரியாதையன்று என வளர்ந்த சமூகத்தில் அவளுடைய தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. எனினும், மூன்று நாள் வேலையைச் 'சரி' என்ற ஒரு சொல்லால் மூடும்போது, அது சின்ன வேலைதான் என்ற பொய்க்கு அவளும் துணை போகிறாள். அடுத்த கூட்டத்தில் மேலும் இரண்டு மாற்றங்கள் வந்தால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? விலையைச் சொல்லாத பண்டத்தை வாங்குபவர் இலவசம் என்றே எண்ணுவர். "செய்யலாம் ஐயா, ஆனால் மூன்று நாள் பிடிக்கும், திறப்பு நாளைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்" என்று பணிவோடு உரைப்பது மரியாதைக் குறைவாகாது, உண்மையை மறைப்பதே குறைவாகும்.

செய்பவரிடம் இன்னொரு பிழையும் நேரலாம். கணினி நுணுக்கம் அறியாத ஒருவரிடம், ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் நூறு ரிங்கிட் என்று கேட்போரும் இருக்கலாம். தம் கவனக் குறைவால் நேர்ந்த பிழையைச் சரிசெய்துவிட்டு, அதனை 'மாற்றம்' என்று பெயரிட்டுக் கட்டணம் பெறுதலும் வஞ்சகமே. ஆகவே திருத்தம் வேறு, மாற்றம் வேறு என்று இரு தரப்பினரும் பிரித்தறிய வேண்டும். ஒப்புக்கொண்டபடி அமையாததைச் சரிசெய்வது திருத்தம். அது செய்பவரின் கடன். ஒப்புக்கொண்டதையே வேறாக்குவது மாற்றம். அது கேட்பவரின் செலவு.

திருவள்ளுவர் செயலுக்கு முன் ஆராய்தலைத் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமாகவும், ஆளை அறிந்து பணியை ஒப்படைத்தலைத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரமாகவும் வகுத்தார். இவ்விரண்டும் இத்தொழிலின் நடைமுறைக்கு அப்படியே பொருந்துகின்றன. தொடங்குமுன் தேவைகளை எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். நிறமும் படமும் சேர்க்குமுன், எந்தப் பகுதி எங்கே என்பதைக் காட்டும் கோட்டுப்படத்துக்கு ஒப்புதல் பெறலாம். தாளில் அழித்து எழுதுவது எளிது. குழுவின் கருத்துகளைத் தொகுத்துக் கூற ஒருவரை மட்டும் நியமிக்கலாம். தலைவர் ஒன்றும் பொருளாளர் ஒன்றும் சொல்ல, நடுவில் நிற்பவள் அல்லற்படத் தேவையில்லை. இரண்டு சுற்று மாற்றங்கள் கட்டணத்துள் அடங்கும், அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தனிக் கட்டணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்தின் எதிரிலும் அதற்கான காரணம், நாள், தொகை ஆகிய மூன்றையும் குறித்துவைக்கலாம். காரணத்தை எழுத முற்படும்போதே, தேவையற்ற மாற்றங்கள் பல தாமாகவே உதிர்ந்துவிடும்.

இறுதியாக ஒன்று. தோட்டக் கோயில்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இப்பணிகள் பெரும்பாலும் தொண்டாகவே கேட்கப்படுகின்றன. தொண்டுக்குக் கணக்குப் பார்ப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால், கொடையின் அளவைக் கொடுப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும். பெறுபவர் முடிவு செய்தால் அதற்குக் கொடை என்ற பெயர் பொருந்தாது. ஊதியம் பெறாதவளின் பொழுது இலவசமாகக் கிடைப்பதனாலேயே மலிவானதாகிவிடாது. பணம் பெற்றுச் செய்பவளிடம் இருமுறை கேட்கத் தயங்குபவர், பணம் பெறாமல் செய்பவளிடம் நான்குமுறை தயங்க வேண்டும்.

காலை இருளில் தலைவிளக்கோடு நிரைக்குச் சென்ற பாட்டியின் உழைப்பை, அன்று நிறுத்த பாலின் எடை கொண்டு அளந்தனர். மழையில் வழிந்தோடிய பாலுக்கு எவரும் கணக்கு எழுதவில்லை. பேத்தியின் உழைப்புக்கு அந்த எடையும் இல்லை. ஆகவே அடுத்த கூட்டத்தில், "இதை மாற்றினால் என்ன?" என்று கேட்க வாயெடுக்கும் பெரியவர், அதற்கு முன்பாக, "மாற்றினால் உனக்கு எத்தனை நாள் பிடிக்கும், அம்மா?" என்று கேட்பாராக. அவளும் அஞ்சாமல் உள்ளபடி விடை கூறுவாளாக.