எனக்கு ஒண்ணும் ஆகலையே!

பெருந்துறை மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தை ஊர்க்காரர்கள் இன்றும் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள். காசநோயாளிகளுக்கென எழுந்த வளாகம் அது. பெரியவர்களைக் காசநோயிலிருந்து உறுதியாகக் காக்கும் தடுப்பூசி இன்றைக்கும் இல்லை. அது தெரிந்தே அங்கே இருமலுக்கு நடுவில் வேலை பார்த்தவர்களைத் துணிச்சல்காரர்கள் எனலாம். ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக்குத் தடுப்பூசி கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் போட்டுக்கொள்ளாத மருத்துவ ஊழியரை என்னவென்று சொல்வது?

சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், "எங்கீங்க மருந்து குடிச்சீங்க?" என்பதுதான் முதல் விசாரிப்பு. கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்து, உப்பும் எண்ணெயும் ஒதுக்கிப் பத்தியம் இருந்து, சில வாரங்களில் ஆள் தேறிவிடுவார். பேர் பச்சிலைக்குப் போகும். ஆனால் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஹெபடைடிஸ் பி தொற்றிய பெரியவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 95 பேரின் உடலே கிருமியை விரட்டிவிடும். மீதி ஐந்து பேர் சாட்சி சொல்ல வருவதில்லை. அவர்களில் சிலருக்குக் கல்லீரல் சுருங்கவோ புற்று வரவோ இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் பச்சிலைக்காரரே போய்ச் சேர்ந்திருப்பார்.

பச்சிலையை யாரும் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமி சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டதாக 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் பெயர் சேர்த்தவர்களில் ஒருவர் புளும்பர்க். இந்தக் கிருமியின் தடயத்தைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கியவர். பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நோபல்காரர் சொன்னார் என்பதற்காக மருத்துவ உலகம் கீழாநெல்லியைக் கும்பிடவும் இல்லை.

பச்சிலைக் கதையைக் கேட்டு மருத்துவ மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படியே அவர்களிடம், "ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணும் போட்டாச்சா?" என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் ஊசி போட்டேன், அப்புறம் பரீட்சை வந்துவிட்டது என்பார் ஒருவர். வருசக்கணக்காக வார்டில் இருப்பவரோ, "நோயாளிக்குப் போட்ட ஊசி எத்தனை தடவை கையில் குத்தியிருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகலையே!" என்பார். பச்சிலைக்காரரின் வாதத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டினால் இதுதான். குத்தியும் தப்பித்தவர் பேசுகிறார். தப்பிக்காதவர் வெளியே சொன்னால் வேலை போகும், கல்யாணம் நின்றுபோகும் என்று வாயை மூடிக்கொள்கிறார். தப்பித்தவர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டால் எந்தச் சாமியாரும் பலிக்கிற சாமியார்தான்.

சரியான கணக்கு வேறு. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர் விரலில் ஏறினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்.ஐ.வி.க்கு அது 0.3தான். எச்.ஐ.வி. நோயாளி என்றதும் இரண்டு கையுறை மாட்டுகிறவர்கள், காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை வெறுங்கையால் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ஆயுத பூஜைக்கு ஸ்டெரிலைசருக்குப் பொட்டு வைக்க மட்டும் மறப்பதில்லை. பெரியார் பிறந்த ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது.

உடம்பு என்னுடையது, போடுவதும் விடுவதும் என் உரிமை என்று ஒரு பேச்சு உண்டு. கத்தி பிடிக்கும் கைக்கு அந்த உரிமை செல்லாது. கிருமி சுமக்கும் அறுவை மருத்துவரிடமிருந்து நோயாளிக்குத் தொற்றிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தடுப்பூசியின் விலையைச் சாக்குச் சொல்லவும் இடமில்லை. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியபோதே விலை சரிந்துவிட்டது.

இதுவரை சொன்னது, கிடைத்தும் போட்டுக்கொள்ளாத படித்தவர்களின் மூடநம்பிக்கை. கிடைக்காதவரும் உண்டு. மருத்துவர் ஊசியை ஒரு நிமிடம் பிடிக்கிறார். மூடி கழன்ற அந்த ஊசி கிடக்கும் குப்பைப் பையைக் கட்டித் தூக்குவது துப்புரவு வேலைக்கு வரும் அம்மா. அவர் காண்டிராக்ட் ஆள். பல இடங்களில் ஊழியர் பட்டியலிலேயே இருக்கமாட்டார். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்கின்றன. மூன்றாவது ஊசி ஆறாம் மாதம். அதற்குள் காண்டிராக்ட் கைமாறினால், அந்த அம்மாவுக்கு எத்தனை ஊசி பாக்கி என்று எந்த நோட்டில் இருக்கும்? "எனக்கு எப்பப் போடுவீங்க?" என்று அவர் கேட்டால், காண்டிராக்டரைக் கைகாட்ட முடியாது. விதிப்படி பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனை.